ஒரு பிக்சல்

அருண்பாண்டி அந்த வெப்சைட் பக்கத்தைத் தன் போனில் ஏற்கெனவே பார்த்துப் பழகியவன் போல விரலால் தள்ளிக்கொண்டே போனான். எங்கே படம் வரும், எங்கே மெனு மடங்கும் என்பதெல்லாம் அவன் விரலுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த யாழினி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையம்மாளின் பனியன் கம்பெனிக்கு வெப்சைட் செய்ய வந்திருப்பவள் யாழினி. கிடைத்தால், தனியாகத் தொழில் தொடங்கியதற்கு இதுதான் முதல் ஆர்டர். அருண்பாண்டி, அவிநாசியில் குழந்தையம்மாளின் சம்பந்தி கம்பெனிக்கு வெப்சைட் செய்துகொடுத்தவன். விவரம் தெரிந்த ஆள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று குழந்தையம்மாள்தான் அவனை வரவழைத்திருந்தார்.

“இதுல என்ன கண்ணு விசேசம்? எனக்குப் புரியறாப்பல சொல்லு.”

யாழினி லேப்டாப்பைக் குழந்தையம்மாள் பக்கம் திருப்பினாள். அகலத் திரையில் மூன்று டீ-சர்ட் படங்கள் ஒரே வரிசையில் நின்றன. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து அவள் மெல்ல ஒடுக்க, மூன்றாவது படம் இறங்கிக் கீழே போய் உட்கார்ந்தது. இன்னும் ஒடுக்க, இரண்டாவதும் இறங்கியது. மேலே நீளமாக இருந்த மெனு மூன்று சின்னக் கோடாக மடிந்துகொண்டது.

“போனுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணுன்னு தனித்தனியாச் செய்யறதில்லீங்கம்மா. ஒரே பக்கம்தான், போற திரைக்குத் தக்கன அதுவா மடங்கிக்கும். இப்பெல்லாம் மொதல்ல போனுக்குத்தான் வரையறாங்க, பெரிய திரை அப்பறந்தான். நம்ம பனியன் துணி ஆளுக்குத் தக்கன இழுத்துக் குடுக்குதில்லீங்களா, அப்படித்தானுங்க.”

“அட, இத்தனையும் நீயே எழுதினதா?”

“ஆமாங்க.”

பக்கத்தின் அடியில் ‘வடிவமைப்பு: யாழினி’ என்று பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்தில் முன்பு வேறொரு பெயர் இருந்தது. ஏதோ ஒரு புனைபெயர், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ‘தீம்’ என்கிற இந்த ஆயத்தப் பக்க வடிவத்தை இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டு, அடியில் என் பெயரை மட்டும் விட்டுவையுங்கள் என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். அதைத்தான் அவள் எடுத்துவிட்டாள்.

“சந்தோசம் கண்ணு. சொந்தமாச் செய்யற ஆளுக இப்ப எங்க இருக்கறாங்க?” என்றார் குழந்தையம்மாள். “போன மாசம் ஒரு கடையில பார்க்கறேன், என்ற பீஸ்ல கழுத்து லேபிளைக் கத்திரிச்சுட்டு எவனோ அவன் லேபிளை வெச்சுத் தெச்சிருக்கறான். தோள்பட்டைத் தையலைப் பார்த்தா என்ற பீஸ்னு எனக்குத் தெரியாதா? கேட்டதுக்கு அந்தக் கடைக்காரன் மூஞ்சி போன போக்கைப் பார்க்கோணுமே.”

யாழினி தரையைப் பார்த்தாள். தன் மூஞ்சி இப்போது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அருண்பாண்டி போனிலிருந்து நிமிர்ந்தான். “ஏங்க, ஒரு சந்தேகம். போன் சைஸுக்கு வந்ததும் ரெண்டாவது படத்தை மட்டும் ஒரு பிக்சல் மேல இழுத்துவிடுற வரி ஒண்ணு இருக்குல்ல? அதை எதுக்குப் போட்டீங்க?”

பிக்சல் என்பது திரையில் இருக்கும் ஆகச் சின்னப் புள்ளி. அவ்வளவு இழுத்தால் கண்ணுக்கே தெரியாது. கோடிங்கை யாழினி இன்னும் திறந்து காட்டவே இல்லை. அத்தனை வரிகளுக்கு நடுவே அப்படியொன்று ஒளிந்து கிடப்பது, எழுதிய ஆளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

“அதுங்களா... சில போன்ல ரெண்டு படத்துக்கு நடுவால மயிரிழை கணக்கா ஒரு வெள்ளைக் கோடு விழுமுங்க. அது தெரியாம இருக்கறதுக்கு.” வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள்.

“எந்த போன்ல?”

“பழைய போன்லீங்க.”

அவன் தலையாட்டியபடி, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தன் போனில் குறித்துக்கொண்டான். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதிக்கொள்வது போலிருந்தது அவளுக்கு.

கதவைத் தட்டிக்கொண்டு கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். வந்திறங்கிய துணியில் கலர் ரோலுக்கு ரோல் வேறுபடுகிறதாம். குழந்தையம்மாள் எழுந்தார்.

“பேசிட்டிருங்க, வந்தர்றேன். அருணு, நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லீட்டீன்னா இந்தப் புள்ளைக்கே குடுத்தரலாம்.”

கதவு சாத்திக்கொண்டது. இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று யாழினிக்குத் தோன்றியது.

“அண்ணா, அது நான் எழுதினதில்லீங்க.” அவளால் நிமிர முடியவில்லை. “காசா கேட்டாங்க? பேரை மட்டும் விட்டுவைன்னுதான் கேட்டாங்க. அதைக்கூட விட்டுவெக்காம என்ற பேரைப் போட்டுட்டேன். உங்க மூஞ்சியைப் பார்க்கவே கூசுதுங்க. அம்மாகிட்ட நானே சொல்லீட்டுப் போயர்றேன். அதை எழுதினது... நீங்கதானுங்களே?”

மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். அருண்பாண்டியின் காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. போனில் குறித்து வைத்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தான். பிறகு கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“அவிநாசிக்கு நான் குடுத்ததும் இதே பக்கந்தாங்க. எழுதினது நீங்கதான்னு நெனச்சு நானுல்ல பயந்துக்கிட்டு இருந்தேன்.”