அன்பாகக் கூப்பிட்டால் வரும்

ஜெயபுஷ்பம் குறி பார்த்துக் கல்லை விட்டாள். கேட் ஓரமாகப் படுத்திருந்த செம்பட்டை நாய் வாலைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடியது.

"ஆரம்பிச்சுட்டா புண்ணியவதி!" என்றாள் கூட வேலை செய்யும் பாக்யலட்சுமி.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. அதன் தையல் லைனுக்கு ஜெயபுஷ்பம்தான் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் மற்றவர்களுக்கு டீ வேண்டும். இந்த அம்மாவுக்குக் கல் வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல பாட்டு இன்னா, கண்ணீர் இன்னா! திங்கக்கிழமை பாரு, கையில கல்லு," என்றாள் சைரா.

"ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அந்த வாயில்லா ஜீவன் செத்தே போய்டும்டி. யார்கிட்டயாவது சொல்லணும்," என்றாள் பாக்யலட்சுமி.

சொல்வதற்கு ஆள் இல்லாமலா? எச்.ஆர். ஆபீசர் கோதண்டராமன் இருந்தார். சமீபத்தில்தான் ஆன்லைனில் மனோதத்துவம் படித்து சர்ட்டிபிகேட் வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து கம்பெனியில் ஒருத்தருக்கும் நிம்மதி கிடையாது. 'பயம் விரட்டும், அன்பு இழுக்கும்' என்று பெரிதாக எழுதி கேன்டீனில் மாட்டிவிட்டார். சாம்பார் தண்ணியாக இருந்தால் என்ன, அன்பு கெட்டியாக இருந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போது காட்டுவதற்கென்றே அங்கே ஒரு குறைதீர் கமிட்டியும் உண்டு. ஃபேன் ஓடாததைப் பற்றியோ, பாத்ரூம் போனால் திட்டு விழுவதைப் பற்றியோ அதில் வாயே திறக்காத பெண்கள், நாய்க்காக முதல்முறையாக வாய் திறந்தார்கள். கோதண்டராமனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஜெயபுஷ்பத்தைக் கூப்பிட்டு, எல்லார் எதிரிலும் வகுப்பே எடுத்துவிட்டார்.

"நாய்க்கும் மனுஷனுக்கும் மனசு ஒண்ணுதாம்மா. பயமுறுத்தினா ஓடும். அன்பா கூப்பிட்டா வரும். அவ்ளோதான் சைகாலஜி."

"தெரியும் சார்."

"தெரிஞ்சு இன்னா பிரயோஜனம்? இன்னொரு தடவை அதுமேல எதையாவது எறிஞ்சீங்க, சூப்பர்வைசர் வேலை கிடையாது. மறுபடியும் மிஷின்லதான் உக்காரணும்."

ஜெயபுஷ்பம் லைனுக்குத் திரும்பினாள். மகள் ஜெனிஃபா நர்சிங் படிக்கிறாள். இந்தச் சம்பளம் குறைந்தால் அந்தப் படிப்பு நின்றுவிடும். மறுநாள் அவள் கல்லைத் தொடவில்லை.

கோதண்டராமன் பிஸ்கட் பாக்கெட்டைத் தொட்டார். முதலில் நாய் தூரத்திலேயே நின்று பார்த்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தது. பத்துப் பதினைந்து நாளில் அவர் பைக் சத்தம் கேட்டாலே வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. பெண்கள் போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

"மனுஷன்னா இவரு மனுஷன்!"

ஜெயபுஷ்பம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். பொறாமை, வேறென்ன.

ஆடிட்டுக்கு முந்தின நாள் காலை. கேட் எதிரில் மூடின வேன் ஒன்று நின்றது. கோதண்டராமன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிஸ்கட்டை நீட்டினார்.

"வாடா செல்லம்... வா, வா..."

நாய் உடம்பெல்லாம் குழைந்துகொண்டு வந்தது.

"வண்டியெல்லாம் வெச்சு, சார் வீட்டுக்கே எடுத்துட்டுப் போறாரு போலடி!" சைராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கினாள் ஜெயபுஷ்பம். வேனைப் பார்த்தாள். சுற்றுமுற்றும் கல் தேடினாள். ஆடிட்டுக்காகப் பெருக்கித் தள்ளிய இடத்தில் கல் ஏது? சட்டென்று குனிந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றி விட்டெறிந்தாள்.

முதுகில் சரியாக விழுந்தது. நாய் 'வீல்' என்று கத்திக்கொண்டு எதிர்த் தோப்புக்குள் ஓடி மறைந்தது.

"அடிப்பாவி! உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லியா?" என்று கத்தினாள் பாக்யலட்சுமி.

கோதண்டராமன் எழுந்தார். முகத்தில் இருந்த அன்பு எங்கே போனதோ தெரியவில்லை.

"அவ்ளோ சொல்லியும் திமிரு! போய் மிஷின்ல உக்காருங்க. உங்க சூப்பர்வைசர் வேலை முடிஞ்சுது."

"சரி சார்," என்று சொல்லிவிட்டு, ஒற்றைச் செருப்போடு உள்ளே நடந்தாள் ஜெயபுஷ்பம். நன்றாக வேண்டும் என்று நாலு பேர் கை தட்டாத குறை.

வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னா சார், பேஜாராப் போச்சு! இனிமே அது பிஸ்கட்டுக்கெல்லாம் வராது. நாளைக்கு ஆடிட்டு, ஒரு நாயி கண்ணுல படக்கூடாதுன்னீங்க. ஊசி ரெடியா வெச்சிருந்தேன்."

"இன்னா ஊசி? தடுப்பூசியா?" என்றாள் பாக்யலட்சுமி.

"இதைப் போட்டா, அதுக்கப்புறம் எந்த ஊசியும் தேவைப்படாதும்மா."

"யோவ், வாயை மூடிட்டு வண்டியை எடுய்யா!" என்றார் கோதண்டராமன்.

அவன் வண்டியை எடுக்கவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்த ஜெயபுஷ்பத்தையே உற்றுப் பார்த்தான்.

"சார், போன வருஷம் ஆடிட்டுக்கு முன்னாடி ஒரு லீவு நாள்ல வந்தேனே, அந்த வெள்ளை நாயை சோறு போட்டு வளத்தது இவங்கதான? வேற யார்கிட்டயும் அது வரலைன்னு, தடுப்பூசின்னு பொய் சொல்லி, இவங்க மடியிலயே வெச்சுத்தான சார் ஊசி போட்டோம்?"