திரும்பிப் போனவள்

அவள் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

பெர்லின் நூலக மண்டபம் நிறைந்திருந்தது. சுவர் இருந்த காலத்தை நேரில் கண்டவர்கள் பேசும் கூட்டம். முன்வரிசையில் லிண்ட்னர் இருந்தார். கிழக்கிலிருந்து தப்ப, காரின் பின்பெட்டியில் ஒளிந்து பிடிபட்டவர். அந்தச் சிறைவாசத்தைத்தான் சற்றுமுன் சொல்லி முடித்திருந்தார்.

கைதட்டல் இன்னும் முழுதாக ஓயவில்லை.

"அடுத்தவர் இலங்கையிலிருந்து வந்தவர்" என்றாள் நிகழ்ச்சியை நடத்தியவள். "தன் நாட்டுப் போரைப் பற்றிச் சொல்வார்."

"இல்லை" என்றாள் அவள், ஜெர்மன் மொழியில். "நானும் இந்த நகரத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். உங்கள் சுவரை ஒரே காலையில் மூன்று தடவை கடந்தவள் நான்."

யாரோ சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, தை மாதம். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட ஆறு பேர். நான்கு ஆண்கள், அவள், ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் சுமந்த தவமலர். ஊரில் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். வழியில்தான் உறவானார்கள்.

ஃப்ரீட்ரிக் வீதி நிலையம். நிலையம் இருந்தது கிழக்கில். ஆனால் அதன் ஒரு மேடைக்கு மேற்கின் ரயில் வந்து போகும். நடுவில் சோதனைக் கூடம். அந்த நாட்டு மக்களுக்கு மூடிய கதவு, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குத் திறந்தது.

மண்டபத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அவள் நிறுத்தவில்லை.

முதலில் அவள் போனாள். முத்திரை விழுந்தது. ஆண்கள் பின்னால் வந்தார்கள். மேடைக்கு ஏறி, திரும்பிப் பார்த்தாள்.

தவமலர் இல்லை.

"ரயில் வரப்போகுது" என்றார் ஒருவர். "திரும்பிப் போனா எல்லாரையும் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப நீங்கள் போங்கோ."

படிகளில் இறங்கினாள். எதிரே மேற்கு நோக்கி வருபவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கதவடியில் நின்ற காவலன் வாயைத் திறந்தபடி பார்த்தான். பிறகு அவள் வந்த பக்கத்தைக் காட்டினான்.

"ஃபால்ஷ்" என்றான். "ஃபால்ஷ்."

தப்பான திசை என்கிறான் என்பது, மொழி படித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று தெரிந்திருந்தாலும் நின்றிருக்கமாட்டாள்.

காவலனைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு சிறிய அறை. தவமலர் பெரிய மேலங்கியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். எதிரே ஒரு பெண் அதிகாரி. கழற்று என்று கையால் காட்டினாள். தவமலர் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள்.

"கழட்டினா பிள்ளையைக் கண்டிடுவினம் அக்கா. கொழும்புக்கே திருப்பிவிடுவினம் எண்டு எங்களை அனுப்பின ஏஜென்ட் சொன்னவர்."

"காணட்டும். களவெடுத்த சாமானே இது?"

தவமலரின் பொத்தான்களை அவளே கழற்றினாள். ஒவ்வொன்றாக. மேலங்கியை விரித்துப் பிடித்தாள்.

அதிகாரி வயிற்றைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் தாழ்த்திக்கொள்ளாமல் வாங்கினாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. காலில் செருப்பு. வெளியே பனி.

தவமலரின் வயிற்றில் பிள்ளை புரண்டது. சேலைக்கு மேலாகவே தெரிந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. மேசைக்குத் திரும்பி, இரண்டு கடவுச்சீட்டிலும் முத்திரை குத்தினாள்.

அவ்வளவுதான்.

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மேடைக்கு ஏறினார்கள். அங்கே நான்கு ஆண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ரயிலைத் தவறவிட்டிருந்தார்கள். ஒருவர் தன் சால்வையைக் கழற்றித் தவமலரின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"தவமலரின் பிள்ளை பங்குனியில் பிறந்தாள். மேற்கு பெர்லினில், ஓர் ஆஸ்பத்திரியில். தொப்புள்கொடியை வெட்டும்போது பக்கத்தில் நின்றது நான்தான்" என்று அவள் முடித்தாள்.

"இந்த நகரம் இரண்டாக இருந்ததை நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன்."

கைதட்டல் இல்லை.

லிண்ட்னர் எழுந்து நின்றிருந்தார்.

அவள் ஒலிவாங்கியை விடவில்லை. அவருக்கு என்ன கோபம் வரலாம் என்று தெரியும். அவருடைய ஊர். அவருடைய சுவர். அவருக்குத் திறக்காத கதவு நேற்று வந்த ஒருத்திக்குத் திறந்திருக்கிறது. தலையை நிமிர்த்திக்கொண்டாள். இதற்காக அவள் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

"நான் அந்த நிலையத்துக்கு எதிரே வேலை செய்தேன்" என்றார் அவர். "வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே போவதைத் தினமும் பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கனவில்கூட எனக்குத் தெரியவில்லை. சுவர் விழுந்த பிறகு போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டிருந்தார்கள்."

அவர் முன்னால் சாய்ந்தார்.

"அந்தக் கதவு. அது எப்படி இருந்தது?"

அவள் யோசித்தாள்.

"ஒடுக்கமான கதவு. ஒரு ஆள் போகலாம். முதலில் ஒரு சின்ன இடைகழி வரும். பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு கணம் நீங்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை…"

லிண்ட்னர் உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார்.