காலமான கதாசிரியர்

தொலைக்காட்சி நாடகத்தில் கதாநாயகி ஒரு பழைய பேய்க்கதைத் தொகுப்பைப் புரட்டியபடி, "பாவம், இதை எழுதினவர் செத்துப் பல வருஷமாச்சு" என்றாள்.

அதை எழுதியவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். இடிந்த மாளிகையும் இரும்புக் கதவுமாக அவர் எழுதிய ஒரே புத்தகம் அது. நாற்பது வருடம் கழித்து உலகம் அதைப் பார்க்கும் நாளில், ஆளையே கொன்றுவிட்டார்களே!

"விடுங்க மாமா, ரத்தக் கொதிப்பு ஏறிடும்" என்றாள் மருமகள்.

"குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். விடுறதாவது!"

நாடக அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தார். "நான் செத்துட்டேன்னு எந்த மடையன் சொன்னான்?"

எதிர்முனையில் உதவி இயக்குநரான பெண் நடுங்கினாள். "உங்க வீட்லதான் சார் சொன்னாங்க. புத்தகத்தைக் காட்ட அனுமதி கேட்க, போன மாசம் ஒரு நாள் மத்தியானம் போன் பண்ணினேன். ஒரு பெரியவர் எடுத்தார். பேசவே விடலை. 'அந்த ஆள் செத்துப் பல வருஷமாச்சு, போனை வை'ன்னு கத்தினார்."

அவர் மெல்லப் போனை வைத்தார். மதியத் தூக்கத்தைக் கெடுக்கிற எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் அதுதான்.

"யாராம் மாமா சொன்னது?"

"எவனோ கிறுக்குப் பய!" என்று உறுமினார். "நாளைக்குக் காலையில முதல் வேலையா நேர்ல போய், உயிரோட இருக்கேன்னு காட்டிட்டு வரணும்."