எதிர்ச் சுவரில் செனட் மண்டபம்

படம் மறுபடியும் சுவரில் இருந்தது.

சுப்புராஜ் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவன் நாற்காலிக்கு நேர் எதிரே அதுதான். காலையில் அவனே கழற்றி, பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டுக் கீழே கடைக்கு இறங்கியிருந்தான்.

கனமான தேக்குச் சட்டம். கண்ணாடிக்குள் பழுப்பேறிய காகிதம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய செனட் மண்டபத்தை வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ வரைந்ததன் அச்சு. சிவப்புச் செங்கல், மூலைக்கு மூலை கோபுரம், வாசலில் ஒரு குதிரை வண்டி. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் பாக்கியலக்ஷ்மி வாங்கி வந்தது.

மட்டாஞ்சேரியில் பழைய சாமானுக்கா பஞ்சம். தெருவெல்லாம் கிடக்கிறது. வெளியூர்க்காரன் வாங்குவான். வற்றல் மிளகாய் வியாபாரியின் பெண்டாட்டி வாங்குவாளா?

ஒரு மதியச் சாப்பாட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"மெட்ராஸ் யுனிவர்சிட்டில எம்.ஏ.வுக்கு இடம் கிடைச்சிருக்குங்க. ஹாஸ்டலும் உண்டாம்" என்றாள் பாக்கியம்.

அவள் மேற்கொண்டு பேசுவதற்குள் அவன் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். இருப்பது ஒரே மகள். மகா பி.காம். முடித்து இன்னும் மழைக்காலம்கூட ஓயவில்லை.

"பொம்பளப்பிள்ளைய அம்புட்டு தூரம் தனியா அனுப்புற பேச்சே இந்த வீட்டுல கூடாது."

பாக்கியம் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவன் பாதியில் விட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் படம் வந்துவிட்டது.

அவன் கழற்றினான். அவள் மாட்டினாள். அவன் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். அவள் நேராக்கினாள். குறட்டால் ஆணியைப் பிடுங்கினான். பழைய சுண்ணாம்புக் காரை கையகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. அவள் கொஞ்சம் தள்ளி இன்னும் பெரிய ஆணியாக அடித்தாள். ஒருமுறை கீழே கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்துப் பார்த்தான். கண்ணாடியெல்லாம் மிளகாய்த் தூசியோடு படம் மாடியேறி வந்தது. அன்று வீட்டில் எல்லோரும் தும்மிக்கொண்டே இருந்தார்கள்.

தண்ணீர் குடிக்க மேலே வந்த சுமைகூலி யூசுப் அதை அண்ணாந்து பார்த்தான். "அண்ணாச்சி, இது எந்த ஸ்தலம், ஹைகோர்ட்டோ?" என்றான். சுப்புராஜ் விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

வாங்கிய கடைக்கே ஒருநாள் கொண்டுபோனான். கடைக்காரர் சாயா வாங்கிக் கொடுத்தார். சேச்சி ஆசைப்பட்டு வாங்கியது, அவர் வந்து சொல்லாமல் திரும்ப எடுக்கமாட்டேன் என்று அனுப்பிவிட்டார். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் திரும்பும்போது சுற்றுலா வந்த இரண்டு பெண்கள் நிறுத்தி விலை கேட்டார்கள். கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. அந்த எரிச்சல் வேறு.

சண்டை போட்டால் சமாளிக்கலாம். பத்துப் பேர் விலை கத்துகிற சந்தையில் கத்தி ஜெயிக்கிற குரல் அவனுக்கு. பாக்கியமோ குரலை உயர்த்தவே இல்லை. சாப்பாட்டில் ஒரு குறை வைக்கவில்லை. முன்பைவிட ருசியாகவே சமைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

எல்லாம் இவள் கொடுக்கிற இடம் என்று தோன்றியது. தபால் வழியில் தமிழ் பி.ஏ. எழுதி முடித்தவள். சீரியல் பார்ப்பதற்கு இது தேவலை என்று அவனும் விட்டுவிட்டான். இப்போது அந்த ருசியை மகளுக்கும் காட்டிவிட்டாள்.

மகா பிடிகொடுக்காமல் இருந்தாள். அப்பா படத்தைக் கழற்றினால் ஃபோனிலிருந்து நிமிர்ந்து சிரிப்பாள். அம்மா ஆணி அடித்தால் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான். போகணும்ப்பா என்று ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் மனம் இளகியிருக்கும். கேட்கக்கூட ஆகாதவனாகவா போய்விட்டான் அப்பன்?

இன்று மத்திக் குழம்பு.

கவளத்தை வாயில் போட்டு நிமிர்ந்தான். செங்கல் மண்டபம். குனிந்துகொண்டான். குனிந்தாலும் அது நெற்றியில் இடிப்பதுபோல் இருந்தது. கவனம் தப்பி முள் ஒன்று தொண்டையில் குத்தியது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினான், முள் இறங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. நீருக்குள் கோபுரங்கள் ஆடின.

பாக்கியம் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஒரு மிடறு குடித்தான். முள் போய்விட்டது. அதோடு சேர்ந்து அவனுக்குள் வேறு என்னவோவும் இறங்கிவிட்டது.

"சரி, போகட்டும். என்னால இதுகூட மல்லுக்கட்ட முடியல. படிக்கணும்னா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. ஞாயித்துக்கிழமை எர்ணாகுளம் போயி நானே நல்ல பெட்டியா ஒண்ணு வாங்கித் தாரேன். அந்தப் படத்த மட்டும் இறக்கு, தாயி."

சொல்லி முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் அகன்றதுபோல் இருந்தது. மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று அவள் பக்கம் திரும்பினான்.

மகா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியம் ஸ்டூலில் ஏறிப் படத்தை இறக்கினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்தபடியே சொன்னாள்.

"பெட்டி வேண்டாங்க. மகாவே எனக்கு வாங்கிக் குடுத்துட்டா."