பச்சை விளக்கும் சிமெண்ட் கட்டியும்

மாலை வெயில் சாய்ந்து விழும் சமையல் மேடையில், கரண்ட் பில்லைப் பாதியாக்கும் என்று வாங்கிய பெட்டி பிளந்து கிடக்கிறது. உள்ளே ஒரு பச்சை விளக்கு, கனத்துக்கு ஒரு சிமெண்ட் கட்டி, அவ்வளவுதான். திருப்புளியும் கையுமாக நிற்கும் இயற்பியல் வாத்தியாருக்குக் காதுமடல் கொதிக்கிறது. "சிமெண்ட்டு! எனக்கே சிமெண்ட்ட வித்திருக்கான், படுபாவி!" "விடுங்க, வீடு கட்டலாம்," என்கிறாள் மனைவி, வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல். கட்டியைச் சுவரில் அடிக்க அவர் ஓங்கும்போது போன் அடிக்கிறது. தனியாக இருக்கும் அக்கா. அவளுக்கும் இதே பெட்டியை வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். "தம்பி, பச்சை லைட்டு ஜோரா எரியுதுடா. இப்பல்லாம் பில்லுக்குப் பயப்படாம ஃபேன் போட்டுத் தூங்குறேன்." ஓங்கிய கை மெல்ல இறங்குகிறது. "நல்லாத் தூங்குக்கா," என்கிறார், பல்லைக் கடித்தபடி. "பில்லு வந்தா மட்டும் பிரிக்காம எங்கிட்ட குடுத்துடு."