பிணமாக நடிக்கப் பதினோரு பேர்

"வேணாம்மா! உசுரோட இருக்கற வேஷமெல்லாம் எங்களுக்கு வேணாம். பொண வேஷமே குடுங்க!"

குள்ளம்மாள் பிடித்த பிடியில் நின்றாள். டைரக்டர் தெரசாவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மெட்ராஸிலிருந்து குழுவோடு பாலக்கோடு பக்கத்து இந்த ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது. செத்தவர்கள் எழுந்து நடக்கும் நாட்டுப்புறக் கதைகளைப் பற்றி டாகுமெண்டரி. இந்த ஊரிலும் ஒரு கதை உண்டு. காலராவில் போனவர்கள் ஏழாம் நாள் சுடுகாட்டிலிருந்து எழுந்து, பெரிய தெரு வழியாக மாரியம்மன் கோயில் வரை நடந்து வந்தார்களாம். ஊரே கதவைத் திறந்து வைத்து, ஒதுங்கி நின்று கும்பிட்டதாம்.

அதை நடித்துக் காட்டப் பதினோரு பிணம் வேண்டும். வம்பே அங்கேதான்.

ஊர்த் தலைவர் அர்ச்சுனன் முதல் நாளே கையை விரித்துவிட்டார். "எங்க வூட்டு ஆளுங்க பொணமா வரமாட்டாங்க மேடம். நல்ல காரியம் நடக்கற வூடுங்க. காலனி ஆளுங்கள வெச்சுக்கோங்க. நாங்க கதையில சொன்னாப்பல கும்பிட்டு நிக்கறோம்."

கேட்ட உடனே காலனியிலிருந்து பதினோரு பேர் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் குள்ளம்மாள். ஐம்பது வயது, கணீரென்ற குரல்.

தெரசாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பிணம் என்றால் மட்டும் காலனிக்காரர்களா? அநியாயம்!

"பாலக்கோட்டு நாடகக்காரங்க ஆறு பேர் பொணமா வரட்டும். உங்கள்ல ஆறு பேர் வயல்ல அறுப்பு அறுக்கற சீன்ல வாங்க. முகம் நல்லா தெரியும். புதுப் புடவை தரேன்" என்றாள்.

"அறுப்புத்தான் தெனம் அறுக்கறமே! பதினோரு பேரும் பொணமாத்தான் வருவோம்."

கேமராமேன் முனாப் சிரித்தான். "அவங்களே கேக்கறாங்க, விடுங்கக்கா."

"அவங்க கேட்டாலும் தப்பு தப்புதான், முனாப்."

குள்ளம்மாளின் கண் கலங்கிவிட்டது. "இந்த ஒண்ண மட்டும் தட்டாதீங்கம்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

அதற்கு மேல் தெரசாவால் முடியவில்லை. "சரி. ஆனா படத்துல உங்க பதினோரு பேர் பெயரும் வரும்."

"பேரு கெடக்குது. நடக்க வுடுங்க."

மாலை வெயிலில் படப்பிடிப்பு. பெரிய தெருவில் வீட்டுக்கு வீடு கதவு திறந்திருந்தது. அர்ச்சுனன் சலவை வேட்டியில் கைகூப்பி நின்றார். உடம்பெல்லாம் சாம்பல் பூசிய பதினோரு பேர் தெருவுக்குள் நுழைந்தார்கள்.

அட, ஒருத்தராவது பிணம் மாதிரி நடக்க வேண்டுமே! நிமிர்ந்து, நடுத்தெருவில், ஒவ்வொரு வீட்டையும் ஆற அமரப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"தள்ளாடுங்க! தலையைத் தொங்கப்போடுங்க!" என்று தெரசா கத்தினாள். யார் கேட்டார்கள்? கோயில் வாசல் வரை அப்படியேதான் வந்து சேர்ந்தார்கள்.

"கட்!"

குள்ளம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "இன்னொரு தடவ நடக்கறோம்மா."

"வேண்டாம், போதும். இதுவே ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு. ஏன் இவ்வளவு ஆசை?"

குள்ளம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "உசுரோட எங்கள இந்தத் தெருவுல வுட்டதில்ல. செத்தாலும் எங்க பொணம் ஊருக்கு வெளிய சுத்திக்கிட்டுத்தான் போவும். செத்து எந்திரிச்சு வந்தாத்தான் வுடுவாங்கன்னு நீங்க வந்தப்பறந்தாம்மா தெரிஞ்சுது!"

தெரசா முனாப்பைப் பார்த்தாள். "ஃபிலிம் தீந்துபோச்சுக்கா" என்று அவன் உதட்டை மட்டும் அசைத்தான்.

"யாரும் நகராதீங்க! கும்பிட்ட கையை இறக்காதீங்க!" தெரசா தெருவே அதிரக் கூவினாள். "ஒன்ஸ் மோர்!"

முனாப் காலிக் கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.