இரண்டாவது டிஸ்க்

“யார்கிட்டடா வித்த?”

திண்டிவனம் விவசாயிகள் சங்க அலுவலகமே அதிரக் கத்தினார் தலைவர் சக்கரபாணி.

செயலாளர் சுகுமார் தலை குனிந்து நின்றான். “நான்தாண்ணே கழட்னேன். ஆனா விக்கல.”

மேசைமேல் கம்ப்யூட்டர், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளோடு நின்றுபோயிருந்தது. உள்ளே இருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்றைக் காணோம்.

ஏரியில் மண் அள்ளியவர்கள்மேல் சங்கம் போட்ட வழக்கு நாளை விழுப்புரம் கோர்ட்டில். ஆதாரப் படங்கள் அத்தனையும் இந்தக் கம்ப்யூட்டரில்தான். மாலையில் வக்கீலின் ஆள் வந்து, உள்ளதை அப்படியே நகல் எடுத்துப் போவதாக ஏற்பாடு.

“பின்ன எதுக்குக் கழட்டின?”



“மண் லாரிக்காரன் பிரியாணி வாங்கிக் குடுத்திருப்பான்” என்றான் பொருளாளர் தேவநாதன்.

“சாயந்திரமே இவனை நீக்கித் தீர்மானம் போடறோம்!” என்றார் சக்கரபாணி.

சரிபார்க்க வந்திருந்த கம்ப்யூட்டர் சென்டர் பரிமளா குறுக்கிட்டாள். “தலைவரே, இது விண்டோஸ் இல்ல, லினக்ஸு. ஆரம்பிக்கும்போது ரெண்டு டிஸ்க்கையும் தேடணும்னு உள்ள ஒரு வரி இருக்குது. ஒண்ணு இல்லாததால மேல போகாம நின்னுகினு இருக்குதுங்க.”

“பாருங்கடா! கூட இருந்தவனைக் காணோம்னு மிஷினே மறியல் பண்ணுது. அதுக்கு இருக்கிற விசுவாசம் இவனுக்கு இல்ல.”

பரிமளா சிரித்தபடி அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டாள். “இனிமே தேடாது.”

மறுபடி ஆன் செய்தாள். திரை தெளிந்தது. ஏரிப் படங்கள், லாரி நம்பர்கள்... ஒன்றும் குறையவில்லை.

“எல்லாம் முதல் டிஸ்க்லயே இருக்குதுங்க. போனதுல பழைய வீடியோதான் இருந்திருக்கும்.”

சக்கரபாணிக்குச் சுருதி இறங்கியது. சுகுமாரை வாசலுக்கு இழுத்துப் போனார்.

“பழைய வீடியோவை எதுக்குடா எடுத்த? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்.”

சுகுமார் ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டான்.

“கோர்ட்டுக்குக் குடுக்கிறதை எதிர்த்தரப்பும் பார்ப்பாங்கண்ணே. மறியல்ல போலீஸ் பிடிச்ச கெடார் ஊரு பசங்களை வுடச் சொல்லி, அன்னிக்கு நீங்க இன்ஸ்பெக்டர் கால்ல விழுந்தீங்களே... என் போன்ல பதிவாயிடிச்சி. அந்த வீடியோ நான் கழட்ன டிஸ்க்லதான் இருக்குது.”

சக்கரபாணி திரும்பிக் கதவைச் சாத்தினார்.

“அழிச்சிருக்கலாம். மனசு வரல. அந்தப் பசங்கள்ல ஒருத்தன் என் தம்பி. நமக்குள்ளயே இருக்கட்டும்ணே... நீங்க உள்ள போய்த் தீர்மானத்தைப் போட்டுக்குங்க.”